வாயைப் பார்த்துப் படித்தவள்

தும்பைக்காட்டில் அந்த வருஷம் சாமை மோசமில்லை. ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து மலைச்சரிவு முழுக்க ஆட்கள் குனிந்து நின்றார்கள். சின்னப்பொண்ணு தன் கொல்லையின் மேல்கோடியில் அறுத்துக்கொண்டிருந்தாள். தாளின் ஈரம் முழங்கை வரைக்கும் ஏறி அரித்தது. அறுத்ததைப் பிடிபிடியாகப் பாறைமேல் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கும் தைலம்மாள் ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் அது.

"இன்னாக்கா, அடுப்ப வுட்டுட்டு இங்க வர?"

"அரிசி வெந்துக்கினு கீது. நீ வந்து உம் பொண்ண ஒரு தபா பாரு."

"எங்கனா வுழுந்துட்டாளா?"

"வுழுவுலாம் இல்ல. அந்த டிவிகிட்ட போயி பேசிக்கினு நிக்குது. நானும் தெனம் பாக்கறேன். மத்ததுங்க சிரிக்குதுங்க. எனக்கு வவுறு எரியுது. உங்கிட்ட சொல்லாம சோத்துல கை வெக்க முடியல."

சின்னப்பொண்ணு அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினாள்.

அவள் மகள் தமிழ்ப்ரியாவுக்கு ஒன்பது வயசு. நாலாம் வகுப்பு. கைப்பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. அப்போது அடைமழை. ஓடை பெருகிப் பாதை அறுந்துபோனதால் வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குக்கூட இறங்க முடியவில்லை. மழை விட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காய்ச்சல் தணிந்திருந்தது, காது போயிருந்தது. இடி இடித்தால் திரும்பிப் பார்ப்பாள். காதோடு வாய் வைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம் கேட்கும். ஊரில் அவளைச் செவிடி என்றுதான் சொன்னார்கள், பெற்றவள் எதிரிலேயே. அதில் வன்மம் ஒன்றும் இல்லை. நொண்டியை நொண்டி என்பதுபோலத்தான்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் அவளைக் கடைசியில் உட்காரவைத்திருந்தார்கள். சுவரோடு சுவராக இருந்துவிட்டு, சோறு தின்றுவிட்டு வருவாள். ஜெபீனா டீச்சர் வந்த பிறகுதான் அது மாறியது. டீச்சருக்குக் கள்ளக்குறிச்சி டவுன். விடியும் முன்பே கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாக மலையேறுகிற முதல் பஸ்ஸைப் பிடித்து, பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேடு பள்ளமாக நடந்து வருவார். வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தார். இந்தப் பிள்ளை கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறது.

அன்றைக்கே அவளை முன்னால் தூக்கி உட்காரவைத்தார். அதற்குப் பிறகு டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசியதே கிடையாது. எழுதுவார், திரும்புவார், தமிழ்ப்ரியாவின் முகத்துக்கு நேராக வந்து நிற்பார், அப்புறம்தான் பேசுவார். 'ப' என்றும் 'ம' என்றும் சொல்லும்போது உதடு ஒரே மாதிரிதான் ஒட்டும் என்பதால், 'ம' வந்தால் மட்டும் மூக்கைத் தொட்டுக் காட்டுவார். பிள்ளையும் மூக்கைத் தொட்டுக்கொண்டு 'அம்மா' என்றாள். வீட்டுக்கு வந்தும் அப்படியே மூக்கைத் தொட்டு 'அம்மா' என்றபோது சின்னப்பொண்ணு களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். களி அடிப்பிடித்துப் போனது. அவள் புருஷன் முருகவேல் அன்றைக்குத் தீய்ந்த களியைக் குறை சொல்லாமல் தின்றான்.

மூணாம் வகுப்பில் அவள் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்தாள். டீச்சரே டவுனுக்குக் கூட்டிப்போய் காதுக்கு மிஷின் வாங்கித் தந்தார். அதைப் போட்டால் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து இரையுது என்று அழுதாள். ஒரு மழையில் நனைந்து அதுவும் ஊமையாகிவிட்டது. போனால் போகிறது என்று டீச்சரும் விட்டுவிட்டார். வாய் இருக்கும்போது மிஷின் எதற்கு.

பள்ளிக்கூடத்தில் இன்னொரு வாத்தியார் உண்டு. தலைமை ஆசிரியர் அருள். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பாடம் நடத்தி ஊரில் யாரும் பார்த்ததில்லை. எத்தனை பிள்ளை வந்தது, எத்தனை முட்டை வெந்தது, யாருக்கு என்ன அளவுச் சட்டை, யார் எத்தனை கிலோ, எல்லாவற்றையும் அன்றன்றைக்குச் செல்போனில் ஏற்ற வேண்டும். தும்பைக்காட்டில் சிக்னல் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கிற மொட்டைப்பாறையில் ஏறி நின்றால் கிடைக்கும், காற்றைப் பொறுத்து. ஆகவே பாதி நாள் அவர் பாறைமேல் இருப்பார். கீழிருந்து பார்த்தால் கையைத் தூக்கிக்கொண்டு வானத்தோடு பேசுகிற மாதிரி இருக்கும்.

ஸ்மார்ட் போர்டு வந்தது ஆடி மாசத்தில். மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டு, அலைந்து, அதைக் கேட்டு வாங்கியதே ஜெபீனா டீச்சர்தான். மலைப்பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை, ரயிலைப் பார்த்ததில்லை, காட்டினால் என்ன என்பது அவர் ஆசை. வேன் ஓடையைத் தாண்டவில்லை. ஊர் ஆண்கள் மூங்கில் கட்டித் தோள்மேல் தூக்கினார்கள். பெண்கள் முன்னால் போய் முள்ளை ஒதுக்கினார்கள். தூறல் விழுந்தபோது டீச்சர் தன் குடையை அந்தப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே ஏறி வந்தார். சின்னப்பொண்ணு தன் சேலை முந்தானையை அவர் தலையில் போட்டாள். அவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு. கூடவே டவரிலிருந்து நெட் பிடிக்க ஒரு குடைத்தட்டும் கூரைமேல் ஏறியது. அந்த நெட் போர்டுக்கு மட்டும்தான். சாருடைய போனுக்கு அது கிடையாது. அவர் பாறைக்கே போனார்.

கொஞ்ச நாளில் மேலிருந்து வேறொரு உத்தரவு வந்தது. நன்றாக நடத்துகிற டீச்சர்களைப் பொறுக்கி டவுனில் ஒரு கட்டடத்தில் உட்காரவைத்து, அங்கிருந்தே எல்லா மலைப்பள்ளிக்கும் திரையில் பாடம் எடுக்கப்போகிறார்களாம். போர்டு வந்துவிட்ட பள்ளிக்கு இனி ஒரு வாத்தியார் போதுமாம். பொறுக்கி எடுத்தவர்களில் ஜெபீனா டீச்சர் முதல் ஆள்.

கிளம்புகிற அன்றைக்கு டீச்சர் தமிழ்ப்ரியாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "போய்ட்டு வரேன்" என்றார். எல்லோரும் சொல்கிறதுதான். ஆனால் அந்தப் பிள்ளை உதட்டில் பார்த்தது 'வரேன்' என்பதைத்தான். மறுநாளிலிருந்து பஸ் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள்.

தைலம்மாளோடு பள்ளிக்கூடத்தை நெருங்கும்போதே திரையின் சத்தம் கேட்டது. பாட்டும் கொட்டும் கைதட்டலுமாக, ஏதோ கல்யாண வீடுபோல. சின்னப்பொண்ணு ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள்.

சுவர் நிறைய ஒரு தவளை குதித்துக்கொண்டிருந்தது. அது முட்டையிட்டது, வால் முளைத்தது, கால் முளைத்தது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். கீழே ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்தில் ஜெபீனா டீச்சர் இருந்தார். அவருடைய வாய் ஒரு சாமை மணி அளவுதான் இருக்கும். தமிழ்ப்ரியா தன் இடத்தில் இல்லை. திரையோடு மூக்கு ஒட்ட நின்று அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறைக்குதுடி, தள்ளு" என்று ஒருத்தன் பின்னாலிருந்து ரப்பரை எறிந்தான். அவள் திரும்பவில்லை.

"புரிஞ்சுதா குட்டிங்களா?" என்றார் திரையில் டீச்சர்.

"புரிஞ்சுது டீச்சர்" என்று எல்லாம் கத்தின. அவர்கள் கத்தி முடிக்கும் முன்பே அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். "தவளை எங்கெங்க வாழும்?" என்று கேட்டிருப்பார்போல. தமிழ்ப்ரியா தன் அடைத்த குரலில், "தண்ணி. தரை" என்றாள். காத்திருந்தாள். மறுபடி, "தண்ணி, தரை, டீச்சர்" என்றாள். விரலால் அந்தச் சின்ன முகத்தைத் தட்டினாள், வகுப்பில் டீச்சரின் கையைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரியே. அந்த நேரம் பார்த்து நெட் நின்றது. டீச்சர் பாதி வாய் திறந்தபடி அசையாமல் போனார். மற்ற பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கொண்டு எழுந்தன. தமிழ்ப்ரியா மட்டும் அந்தப் பாதி வாயைப் பார்த்தபடி, அது என்ன எழுத்தாக முடியும் என்று பொறுமையாக நின்றாள்.

சின்னப்பொண்ணு உள்ளே போய் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஒன்பது வயசுப் பிள்ளை, கால் தொங்கியது. வெளியே வந்ததும் பிள்ளை அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது.

"அம்மா," என்றது, "டீச்சருக்குக் காது கேக்கல."

அருள் சார் பாறையிலிருந்து இறங்கி வரும்வரை அவள் சமையல்கட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சார், எம் பொண்ணுக்கு அதுல ஒண்ணும் சரியா வெளங்கலிங்க. நீங்க கொஞ்சம் முன்னால நின்னு சொல்லக்கூடாதுங்களா?"

"நான் சொல்லலாம்மா. போர்டு ஓடணுமே. ஓடற நேரத்த மேல கணக்குல பாக்கறாங்க. நிறுத்தினா போன் வருது. மலையிலயே நம்ம பள்ளிக்கூடந்தான் ஜாஸ்தி நேரம் பாக்குதுன்னு போன மாசம் மீட்டிங்ல கைதட்டினாங்க."

"நிறுத்த வேணாங்க. அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்க ஒரு ஓரமா..."

"அந்த நேரத்துலதானம்மா நான் பாறைமேல இருக்கறேன்." அவர் செருப்பிலிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்தார். "முன்ன ரெண்டு பேர் இருந்தோம். நான் போனைப் பாத்துக்குனா அவங்க புள்ளைங்கள பாத்துக்குவாங்க. இப்ப நானே ரெண்டு. எனக்கு மட்டும் ஆசையா, சொல்லுங்க."

அதற்குமேல் அவரிடம் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் முருகவேல் மரவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தான். அறுப்பு முடிந்ததும் குடகுக்குக் காப்பி பறிக்கப் போவது வருஷா வருஷம் நடப்பதுதான். போன இரண்டு வருஷமும் பிள்ளை படிப்பு கெடக்கூடாது என்று சின்னப்பொண்ணு நின்றுவிட்டாள். அவன் மட்டும் போனான்.

"இந்த வருசம் மூணு பேரும் போவலாம்" என்றான். "மேஸ்திரி வூடு தரானாம். ரெண்டு ஆளுன்னா வேல நிக்காது."

"பள்ளிக்கூடம்?"

"நீதான பாத்துட்டு வந்து சொன்ன, அங்க ஒண்ணும் இல்லன்னு. டிவி பாக்கறதுக்கு எங்க இருந்தா இன்னா."

"டீச்சர ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

"பாத்து?"

"கேக்கறேன். திரும்பி வாங்கன்னு கேக்கறேன்."

முருகவேல் கிழங்கின் கருகின தோலை உரித்தான். "கவுர்மெண்டு டவுன்ல நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்குது. உனக்காவ எழுந்து வருவாங்களா, மலைக்கு."

"எனக்காவ இல்ல. இதுக்காவ" என்று பிள்ளையைக் காட்டினாள். "அவங்க வருவாங்க. உனக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறினார்கள். மடியில் புதுச் சாமை அரிசி, கொஞ்சம் மொச்சை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் டீச்சரின் வீட்டுக்காரர் முகம்மது கவுஸ் வைத்திருக்கும் மளிகைக்கடையைக் கேட்டுக் கண்டுபிடித்து, அவர் கைகாட்டிய சந்தில் நுழைந்தார்கள். கதவைத் திறந்தது டீச்சர்தான். அவரைப் பார்த்ததும் தமிழ்ப்ரியா ஓடவில்லை, கத்தவில்லை. கிட்டே போய் நின்று முகத்தை அண்ணாந்து, வாயைப் பார்த்தாள். சொல்லு என்கிற மாதிரி.

"தமிழு" என்றார் டீச்சர்.

உள்ளே கட்டிலில் அவருடைய மாமியார் காசிம் பீவி பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய்க் கிடந்தார். டீச்சர் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நேரம். எட்டு வயசு மகன் அன்சர் அம்மாவின் முதுகில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவன், இவர்களைப் பார்த்ததும் இன்னும் ஒட்டிக்கொண்டான். டீ வந்தது. சின்னப்பொண்ணு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். தவளை, ரப்பர், பாதி வாய், எல்லாம். பிள்ளை சொன்னதையும் சொன்னாள்.

டீச்சர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என் முகத்தப் பெருசா காட்டுங்கன்னு நான் முத நாளே கேட்டேன், சின்னப்பொண்ணு. வாயப் பாத்துப் படிக்கிற புள்ள ஒண்ணு இருக்குதுன்னு சொன்னேன். படம் ஓடினாதான் புள்ளைங்க உக்காந்து பாக்கும், டீச்சர் மூஞ்சிய எவ்ளோ நேரம் பாக்கும்னு சொல்லிட்டாங்க. ஒரு புள்ளைக்காக மாத்த முடியாதாம். அத்தன பள்ளிக்கூடத்துக்கும் ஒரே படந்தான் போவுது."

"அப்ப நீங்களே வந்துடுங்க டீச்சர். ஊரே வந்து மனு குடுக்கறோம். எங்க டீச்சர எங்களுக்கே குடுங்கன்னு கேக்கறோம். அருள் சாரும் கையெழுத்து போடுவாரு."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். தமிழ்ப்ரியா எதிரில் உட்கார்ந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் நிறுத்தினார். துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கு முதுகு காட்டி அவர் ஒரு சொல் பேசினதில்லை.

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மனு குடுக்காதீங்க. இது அவங்களா போட்டது இல்ல. நான் கேட்டு வாங்கினது."

சின்னப்பொண்ணுக்கு முதலில் விளங்கவில்லை.

"இவன் தூங்கறப்ப கிளம்புவேன், தூங்கினப்புறம் வருவேன். அம்மா எங்கன்னு கேட்டா பஸ்ல இருக்குதுன்னு சொல்லுவான். மாமி விழுந்த அன்னிக்குக்கூட நான் மலைமேல இருந்தேன். எனக்கு சேதியே வரல. டவுனுக்கு மாத்துங்கன்னு வருஷா வருஷம் எழுதினேன். யாரும் கண்டுக்கல. இந்தத் திட்டம் வந்ததும், போர்டு கேட்டு வாங்கின டீச்சர்னு என்னக் கூப்பிட்டாங்க. விட்டா இன்னொரு தடவ வராது. நான்தான் சரின்னேன்."

தமிழ்ப்ரியா எழுந்துபோய் டீச்சரின் கையைத் தட்டினாள். திரும்பு என்று. அவர் திரும்பவில்லை. மறுபடி தட்டினாள். அவருடைய தோள் குலுங்கியது. அன்சர் வந்து, "எங்கம்மாவ அடிக்காத" என்று அவள் கையைப் பிடித்துத் தள்ளினான்.

சின்னப்பொண்ணு பிள்ளையை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். கோபப்பட அவளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. இங்கே கட்டிலில் எச்சில் வழியக் கிடக்கிற ஒரு கிழவியும், அம்மாவை விட்டு நகராத ஒரு பையனும்தான் இருந்தார்கள்.

"காது கேக்காத புள்ளைங்களுக்குக் கடலூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் இருக்குது" என்றார் டீச்சர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஹாஸ்டல்லயே தங்கலாம். ஆன்லைன்ல பதியணும். அதுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணும், அது குடுக்கற அடுத்த கேம்ப் எப்பன்னு தெரியல. நான் கேட்டு சொல்றேன். அடுத்த வருஷம் எப்படியும்..."

"சரிங்க டீச்சர்."

"கோவமா?"

"உங்கள கோவிச்சிக்கினு நான் எங்க போவட்டும்." சாமை அரிசியை எடுத்து வைத்தாள். "பெரியம்மாவுக்குக் கஞ்சி வச்சிக் குடுங்க. புதுசு. நல்லா கொழையும்."

பஸ்ஸில் தமிழ்ப்ரியா ஜன்னலோரம் உட்கார்ந்து வழியிலிருந்த கடைப் பெயர்களையெல்லாம் படித்துக்கொண்டே வந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் எழுத்துகள் நின்றுபோயின. அம்மாவின் தாடையைத் திருப்பி, "டீச்சர் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். சின்னப்பொண்ணு வாயைத் திறந்தாள். பொய் சொன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. தலையை மட்டும் தடவினாள். பிள்ளை அதற்குமேல் கேட்கவில்லை. அதன் பிறகு பஸ் வருகிற பாதையில் போய் நிற்கவும் இல்லை.

சாமையை அடித்துத் தூற்றி, குதிரில் கொட்டிச் சாணி பூசி அடைத்தார்கள். கார்த்திகை பிறந்ததும் மூட்டை கட்டினார்கள். கிளம்புகிற காலையில் அருள் சார் பாறைக்குப் போகிற வழியில் நின்றார்.

"பேரை எடுக்கலம்மா. இருக்கட்டும். புள்ளைங்க எண்ணிக்க கம்மியானா பள்ளிக்கூடத்தையே கீழ கொண்டுபோய் சேத்துடுவாங்க. இங்க இருக்கிற மீதிக்கும் இல்லாமப் போயிடும். புள்ள வந்ததா நான் போட்டுக்கறேன். யாராவது கேட்டா..."

"யாரு சார் கேக்கப் போறாங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

அவர் பாறைப் பக்கம் திரும்பி நடந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஆரம்பித்திருந்தது.

குடகில் குளிர் எலும்பைத் தொட்டது. தகரக் கூரை போட்டு வரிசையாகக் கட்டின லைன் வீடு. விடிந்ததும் பனி சொட்டச் சொட்ட மலைச்சரிவில் இறக்கிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதில்லை, தாயோடு சும்மா நிற்கட்டும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நின்ற பிள்ளைகள் எல்லாருடைய இடுப்பிலும் ஒரு சாக்குப்பை கட்டியிருந்தது.

அந்தச் செடி வரிசைக்குப் பொறுப்பான நடுவயசுப் பெண்பிள்ளை எப்போதோ சேலத்துப் பக்கமிருந்து போய் அங்கேயே தங்கிவிட்டவள். வெற்றிலை போட்ட வாய். புதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வேலை சொன்னாள். தமிழ்ப்ரியாவிடம் வந்ததும், "அவளுக்குக் காது கேக்காதுங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

அந்தப் பெண்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு, பிள்ளையின் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். தாடையைத் தொட்டுத் தன் முகத்துக்கு நேராக நிமிர்த்தினாள். சிவந்த பழம் ஒன்றைக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து, "இதைப் பறி" என்றாள். பச்சைக் காயைத் தொட்டு, "இதை விடு" என்றாள். கிளையை வளைத்து, "ஒடிக்காதே" என்றாள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

தமிழ்ப்ரியா அந்த வாயைப் பார்த்தாள். டீச்சர் போனதிலிருந்து சின்னப்பொண்ணு பார்த்திராத அளவுக்கு அவள் முகம் தெளிந்தது. கிளையை வளைத்தாள். சிவப்பை மட்டும் உருவிப் பையில் போட்டாள். ஒரு பச்சைகூட விழவில்லை. அடுத்த செடிக்குத் தானாகவே நகர்ந்தாள்.

"காது கேக்குற கழுதைங்களுக்கு நான் பத்து வாட்டி சொல்றேன்" என்றாள் அந்தப் பெண்பிள்ளை, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. "உம் பொண்ணு நல்ல புத்திசாலிம்மா. இனிமே வருஷா வருஷம் கூட்டியா."

"சரிங்க" என்றாள் சின்னப்பொண்ணு. அதற்குமேல் நிற்காமல் செடிக்குள் குனிந்தாள். கொஞ்ச நேரத்துக்குக் கைக்கு வந்ததெல்லாம், காயும் பழமுமாகப் பையில் விழுந்தது.